ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்: இன்டர்வியூ முடிந்தும் பதில் வராதவர்கள் கேட்கும் கேள்விகள்

பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, காபியும் குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" என்பார்கள். லெட்டர் வராது என்பது, அவர்கள் வாசலில் செருப்பு மாட்டும்போதே பெண்ணின் பாட்டிக்குத் தெரிந்துவிடும். எச்ஆர் சொல்லும் "வி வில் கெட் பேக் டு யூ" அதே வாக்கியம்தான். முதல்முறை வேலை தேடுகிறவர்களுக்கு அந்தப் பாட்டியின் காது இன்னும் வாய்க்கவில்லை.

நான் சென்னையில் ஒன்பது வருஷம் ஆளெடுக்கும் வேலையில் இருந்தவன். முதலில் ஒரு கன்சல்டன்சி, பிறகு ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி. பதில் சொல்லாமல் விட்டவர்களில் நானும் ஒருவன். அப்புறம் நானே ஏழு மாதம் வேலை தேடி அலைந்தபோது அதே மருந்து எனக்கும் கிடைத்தது. சொந்தக்காரப் பிள்ளைகளும் தெரிந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்று ரவுண்டும் நன்றாகப் போனது. கடைசியில் சம்பளம் வரை பேசினார்கள். மூன்று வாரமாகச் சத்தமே இல்லை. என்ன நடந்திருக்கும்?

பெரும்பாலும் நீங்கள் இரண்டாவது இடத்தில் இருக்கிறீர்கள்.

நம் ஊர் ஐடி கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய இடத்தில் வேலை பார்க்க வேண்டிய காலம், 60 நாள், 90 நாள் என்று இருக்கிறது. தேர்வான ஆள் இன்றைக்கு "சரி" என்று சொன்னாலும் வந்து உட்கார மூன்று மாதம் வரை ஆகும். அந்த மூன்று மாதத்தில் அவர் சும்மா இருக்க மாட்டார். கையில் இருக்கும் ஆஃபரைக் காட்டி இன்னொரு இடத்தில் கூடுதலாகக் கேட்பார். அதைக் காட்டி மூன்றாவது இடத்தில் கேட்பார். சேரும் நாள் காலையில் போனை அணைத்து வைத்துவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் எச்ஆர் இரண்டாவது ஆளை விடவும் மாட்டார், எடுக்கவும் மாட்டார். எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் பேக்அப். பேக்அப்பிடம் "உங்களை எடுக்கவில்லை" என்று சொன்னால் அவர் போய்விடுவார், "எடுக்கிறோம்" என்றால் அது பொய். எனவே மௌனம்.

அது இல்லையென்றால் போஸ்ட்டே ஹோல்டில் போயிருக்கும். வெளிநாட்டு கிளையண்ட் கொடுப்பதாகச் சொன்ன வேலை தள்ளிப்போகும்; ஆனால் தள்ளிப்போனது என்று யாரும் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். கம்பெனிக்குள்ளிருந்தே பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல், இருக்கும் ஒருவரை அந்த இடத்தில் போட்டுவிடுவார்கள். மார்ச் 31 நெருங்கினால் பட்ஜெட், டிசம்பர் என்றால் கிளையண்ட் பக்கம் விடுமுறை. இன்னொன்றும் உண்டு, கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும்: சில சமயம் போஸ்ட்டே இருக்காது. "எங்களிடம் இந்த மாதிரி ஆட்கள் தயார்" என்று கிளையண்டிடம் காட்டுவதற்காக இன்டர்வியூ நடத்துவார்கள். வேலை கிடைத்தால் கூப்பிடுவார்கள். கிடைக்காவிட்டால் நீங்கள் ஒரு எக்ஸெல் வரி.

சம்பளம் பேசினார்கள், பே ஸ்லிப் வாங்கினார்கள், பிஎஃப் கணக்கின் யுஏஎன் நம்பர் கேட்டார்கள் என்பதையெல்லாம் அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசி மூன்று பேரிடமும் அதையேதான் கேட்டிருப்பார்கள்.

"இல்லை" என்று ஒரு வரி மெயில் போட அவர்களுக்கு என்ன கஷ்டம்?

ஒரு கஷ்டமும் இல்லை. அது யாருடைய வேலையிலும் இல்லை, அதுதான் விஷயம்.

"ரொம்ப பிஸி" என்று எச்ஆர் சொல்வதை நம்பாதீர்கள். ரிஜெக்ட் மெயில் அனுப்ப எங்கள் மென்பொருளில் ஒரு பட்டன் இருந்தது. ஐம்பது பேரைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் ஐம்பது பேருக்கும் போய்விடும். அதை நான் அழுத்தியதில்லை. மாதக் கடைசியில் என் மேனேஜர் என்னிடம் கேட்டது எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மட்டும்தான். எத்தனை பேருக்கு பதில் சொன்னாய் என்று ஒன்பது வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. தவிர, பட்டனை அழுத்தினால் அந்த ஆள் மென்பொருளில் சிவப்பாகிவிடுவார், அடுத்த மாதம் வேறு போஸ்ட்டுக்கு அவரைக் காட்ட முடியாது. ஆகவே மஞ்சள். மஞ்சள் என்றால் ஹோல்ட். என் டிராக்கர் முழுக்க மஞ்சளாக இருக்கும்.

ஒரு பையன். விழுப்புரம் பக்கத்துக் கிராமம். டெஸ்டிங் வேலைக்கு வந்தான், மூன்று ரவுண்டும் தாண்டினான். அந்த போஸ்ட் கேன்சல் ஆனது எனக்கு நாலாம் நாளே தெரியும். அவன் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பதினோரு மணிக்குப் போன் பண்ணுவான். திங்கட்கிழமை பிஸியாக இருப்பேன் என்று அவனாகவே நினைத்து செவ்வாய்க்கு மாற்றியிருக்கிறான். முதல் வாரம் "ப்ராசஸ் போயிட்டிருக்கு" என்றேன். அடுத்த நாலு வாரம் போனை எடுக்கவில்லை. ஆறாவது வாரம் வேறு யாரோ என்று நினைத்து எடுத்துவிட்டேன். "போஸ்ட் கேன்சல் ஆயிடுச்சு தம்பி" என்றதும் அவன் சண்டை போடவில்லை. "சரிங்க சார். அப்போ ரூமைக் காலி பண்ணிடறேன்" என்றான். திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் பதிலுக்காகவே ஒன்றரை மாதம் வாடகை கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான்.

எத்தனை நாள் காத்திருக்கலாம்?

இன்டர்வியூ முடியும்போதே தேதியைக் கேட்டு வாங்குங்கள். "எப்போது தெரியும்?" என்று பொதுவாகக் கேட்டால் "சீக்கிரம்" என்று பதில் வரும். "அடுத்த வெள்ளிக்குள் தெரியுமா, அதற்கும் மேல் ஆகுமா?" என்று கேளுங்கள். ஏதாவது ஒரு நாளைச் சொல்லியாக வேண்டும்.

அந்த நாள் தாண்டி இரண்டு வேலை நாள் கழித்து ஒரு மெயில். அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு வாரம் விட்டு இன்னொன்று. அதோடு சரி. இரண்டாவது மெயிலுக்கும் ஒரு வாரம் பதில் வராவிட்டால் உங்கள் நோட்டில் அந்தக் கம்பெனியை அடித்துவிடுங்கள். அவர்கள் மஞ்சள் போடட்டும், நீங்கள் சிவப்பு போடுங்கள். பிற்பாடு கூப்பிட்டால் அதைப் புது அழைப்பாகவே எடுத்துக்கொள்ளலாம்.

முக்கியமாக, அந்த இரண்டு மூன்று வாரத்தில் மற்ற இன்டர்வியூக்களை நிறுத்தாதீர்கள். "இது வந்துவிடும் போலிருக்கிறது, பார்த்துக்கொண்டு போகலாம்" என்று இருந்தவர்களைத்தான் இந்த மௌனம் அதிகம் அடித்திருக்கிறது. இருக்கும் வேலையை விடுவதென்றால் எழுத்தில் ஆஃபர் கைக்கு வந்த பிறகு. வாய்வார்த்தையை நம்பி ராஜினாமா கடிதம் கொடுக்கவே கூடாது.

ஃபாலோஅப் மெயிலில் என்ன எழுதுவது? தொந்தரவு என்று நினைக்க மாட்டார்களா?

இரண்டு மெயிலுக்கு யாரும் அப்படி நினைப்பதில்லை. ஒரே நாளில் மூன்று மிஸ்டு கால் கொடுத்தால் நினைப்பார்கள்.

மெயிலை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். விஷயம் இவ்வளவு போதும்: "போன மாதம் 12-ம் தேதி இந்த வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்தேன். 20-க்குள் சொல்வதாகச் சொல்லியிருந்தீர்கள். இந்த வேலையில் எனக்கு இன்னும் விருப்பம் இருக்கிறது. முடிவு ஆகவில்லை என்றால் எப்போது ஆகும் என்று சொல்லுங்கள். வேறு ஒருவரை எடுத்தாகிவிட்டது என்றால் அதையும் சொல்லுங்கள், தவறாக நினைக்க மாட்டேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "இல்லை" என்று சொன்னால் எதிராளி அழுவாரோ, வாதாடுவாரோ என்ற பயம்தான் எச்ஆரின் விரலைத் தடுக்கிறது. அந்தப் பயத்தை நீங்களே எடுத்துவிட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம். புது மெயிலாக அனுப்பாமல் அவர்கள் உங்களை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட அதே மெயிலுக்கு ரிப்ளையாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் நீங்கள் யாரென்று தேடவே அவருக்குச் சோம்பலாக இருக்கும்.

"வேறு ஆஃபர் கையில் இருக்கிறது" என்று எழுதலாமா என்று கேட்பார்கள். இருந்தால் எழுதுங்கள். இல்லாமல் எழுதினால் "அப்படியா, வாழ்த்துக்கள்" என்று பதில் வரும். நானே அனுப்பியிருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் விழுந்திருக்கிறது. பார்த்துவிட்டும் பதில் இல்லையே?

பார்த்தார், மறந்தார். ப்ளூ டிக்கை வைத்து ஜோசியம் பார்க்க வேண்டாம்.

ஏன் எடுக்கவில்லை என்று காரணம் கேட்டால் சொல்வார்களா?

எச்ஆரிடம் கேட்டால் கிடைக்காது. அவரிடமே பல சமயம் காரணம் இருக்காது. இன்டர்வியூ எடுத்த பேனல் ஆள் ஃபீட்பேக் ஃபார்மில் "ஓகே, நாட் ஸ்ட்ராங்" என்று மூன்று சொல் எழுதிவிட்டு மீட்டிங்குக்கு ஓடியிருப்பார். சொல்ல முடிகிற காரணமாக இருந்தாலும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் விவாதம் வரும். "எனக்கு அது தெரியும் சார், அன்றைக்கு டென்ஷன்" என்று ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயம். சொல்ல முடியாத காரணங்களும் உண்டு: மேனேஜர் ஏற்கெனவே ஒருவரை மனதில் வைத்திருந்தார், ஆண் வேண்டும் என்றார், கல்யாணமான பெண் வேண்டாம் என்றார். இவற்றை யார் மெயிலில் எழுதுவார்கள்?

உங்களை இன்டர்வியூ எடுத்த டெக்னிகல் ஆள் லிங்க்ட்இனில் இருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள். "ஏன் எடுக்கவில்லை" என்று கேட்காமல், "நான் எதைப் படித்துக்கொண்டால் நல்லது?" என்று கேளுங்கள். சொல்லித்தரப் பிடித்த ஆளாக இருந்தால் சொல்வார்.

கன்சல்டன்சி மூலம் போனேன். அவர்களும் போனை எடுப்பதில்லை.

கன்சல்டன்சிக்குக் காசு எப்படி வருகிறது என்று தெரிந்தால் இது புரியும். நீங்கள் சேர்ந்தால் உங்கள் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கை கம்பெனி அவர்களுக்குக் கொடுக்கும். 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது பல காலமாகப் பழகிய கணக்கு. அதுவும் நீங்கள் சேர்ந்து சில மாதம் நிலைத்தால்தான். சேராத ஆளுக்கு ஒரு ரூபாயும் கிடையாது. ஆகவே தேர்வாகும்வரை ஒரு நாளைக்கு நாலு தடவை போன் பண்ணி "சார் கிளம்பிட்டீங்களா, 570 பஸ் பிடிச்சுட்டீங்களா" என்று கேட்டவர், தேர்வாகவில்லை என்று தெரிந்த நிமிஷமே உங்கள் நம்பரை மறந்துவிடுவார். கெட்டவர் என்பதால் இல்லை, அவருடைய டார்கெட் அப்படி.

ஒரு எச்சரிக்கை. ஒரே கம்பெனிக்கு இரண்டு கன்சல்டன்சி மூலமாக ரெஸ்யூம் போனால், யாருக்குக் கமிஷன் என்ற தகராறில் உங்களையே ஒதுக்கிவிடுவதுண்டு. எந்தக் கம்பெனிக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்காமல் ரெஸ்யூமைக் கொடுக்காதீர்கள்.

இப்படி பதில் சொல்லாமல் விடுவதைக் கேட்க சட்டம் இல்லையா?

இந்தியாவில் தனியார் கம்பெனியை "பதில் சொல்" என்று கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது. 1959-ல் வந்த வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டப்படி 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்கள் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. தெரிவித்தால் போதும், அங்கிருந்து வருகிறவரை எடுக்க வேண்டும் என்றுகூட அந்தச் சட்டம் சொல்லவில்லை, வந்தவருக்கு பதில் சொல்வதெல்லாம் எங்கே! அப்பா காலத்தில் எம்ப்ளாய்மெண்ட் கார்டை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே வயது தாண்டியவர்களைக் கேட்டால் பதில் வராமல் காத்திருப்பது என்றால் என்ன என்று சொல்வார்கள். நாம் வாரக் கணக்கில் புலம்புகிறோம்.

வேறு நாடுகளில் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2024-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம், வெளிப்படையாக விளம்பரம் செய்த வேலைக்கு ஒருவரை இன்டர்வியூ செய்தால், கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள் முடிவெடுத்தாகிவிட்டதா என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாகாணத்து டொரண்டோவில், ஸ்கார்பரோ பகுதியில் வேலை தேடும் நம் ஆட்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். தென் கொரியாவில் 2014 முதலே நியாயமான ஆளெடுப்புக்கு ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் முடிவைத் தெரிவிக்க வேண்டும், விண்ணப்பித்தவர் கேட்டால் கொடுத்த காகிதங்களைத் திருப்பித் தரவும் வேண்டும்.

இந்த 45 நாள் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் என் காலத்தில் அப்படி ஒன்று இங்கே இருந்திருந்தால் அந்தப் பட்டனை அழுத்தியிருப்பேன்.

அரசு வேலைக்கு இன்டர்வியூ போனேன். அங்கேயும் இதே கதைதானா?

இல்லை, அங்கே உங்கள் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரசுத் துறை, பொதுத்துறை வங்கி, பொதுத்துறை நிறுவனம் எல்லாம் இதற்குள் வரும். பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. "என்னை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டால் அது கேள்வி, தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். "இந்த அறிவிப்பின்படி நடந்த நேர்முகத் தேர்வில் எனக்குக் கிடைத்த மதிப்பெண் எவ்வளவு? தேர்வுப் பட்டியல் எந்தத் தேதியில் இறுதி செய்யப்பட்டது?" என்று பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள். எழுத்துத் தேர்வில் தன் விடைத்தாளைத் தேர்வர் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

ஆனால் பட்டியலில் பெயர் வந்துவிட்டது, நியமன ஆணை வரவில்லை என்றால் அது வேறு. பட்டியலில் பெயர் இருப்பதாலேயே நியமனம் பெறும் உரிமை வந்துவிடாது என்று 1991-ல் சங்கர்சன் தாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், அரசு மனம்போனபடி நடக்கவும் கூடாது என்றார்கள். அந்த இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டுதான் வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள்.

ஆஃபர் லெட்டரே வந்துவிட்டது. சேரும் தேதி மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

2022-ல் கேம்பஸில் எடுக்கப்பட்ட எத்தனையோ பிள்ளைகள் இப்படி ஒரு வருஷம், ஒன்றரை வருஷம், அதற்கும் மேல் தொங்கினார்கள். லெட்டரை ஃப்ரேம் போட்டு மாட்டாத குறை. அதை முழுதாகப் படியுங்கள். "தொழில் தேவையைப் பொறுத்து" என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். சேரும் தேதி இல்லாத ஆஃபரைக் கையில் இருக்கும் வேலையாகக் கணக்கிடாதீர்கள். வேறு இடம் தேடுங்கள், கிடைத்தால் சேருங்கள். இந்த லெட்டரை நம்பி பழைய வேலையை விட்டுவிட்டீர்கள் என்றால் மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பதிலே இல்லாமல் இருந்தது. திடீரென்று "தேர்வாகிவிட்டீர்கள், லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டுங்கள்" என்று மெயில் வந்திருக்கிறது.

மோசடி. கட்டாதீர்கள். காத்திருந்து களைத்த ஆளைத்தான் இவர்கள் தேடுவார்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் பண்ணுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கம்பெனியை மட்டும் குறை சொல்கிறீர்கள். ஆஃபர் வாங்கிக்கொண்டு சேராமல் போனை அணைப்பது நாங்கள்தானே?

ஒத்துக்கொள்கிறேன், மேலே நானே சொன்னேன். ஆனால் ஒரு பக்கம் ஒரு ஆள், இன்னொரு பக்கம் சம்பளம் வாங்கிக்கொண்டு அதே வேலையைச் செய்ய ஒரு டிபார்ட்மெண்டே. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் சேரப்போவதில்லை என்றால் ஒரு மெயில் போட்டுவிடுங்கள். அந்த இடத்துக்குப் பேக்அப்பாக ஒருவர் எங்கோ மேன்ஷனில் உட்கார்ந்திருப்பார்.

வீட்டில் தினமும் "என்னப்பா, ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எனக்கு முப்பத்தாறு வயதிலும் மாமனார் கேட்டார். இன்டர்வியூ தேதியை வீட்டில் சொல்வதை நிறுத்தினேன். சட்டையை அயர்ன் பண்ணும்போது கண்டுபிடித்துவிட்டார்கள்.

நாலு மாதம் கழித்து அதே எச்ஆர் கூப்பிட்டு "ஆர் யூ ஸ்டில் லுக்கிங்?" என்கிறார். போகலாமா?

வேண்டியிருந்தால் தாராளமாகப் போங்கள், ரோஷம் பார்க்க வேண்டாம். முதலில் எடுத்த ஆள் வரவில்லை அல்லது வந்து ஓடிவிட்டார் என்று அர்த்தம். எது என்று கேளுங்கள். ஓடியவர் என்றால் ஏன் என்றும் விசாரியுங்கள். இப்போது அவசரம் அவர்களுக்கு. அன்றைக்குப் பேசிய சம்பளத்திலேயே நிற்க வேண்டியதில்லை. மறுபடி மூன்று ரவுண்டு என்றால், பழைய ஃபீட்பேக் இருக்கிறதே என்று கேட்டு ஒன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

என்னையும் ஒரு கம்பெனி அப்படிக் கூப்பிட்டது. நாலு மெயிலுக்கு (ஆமாம், இரண்டோடு நிறுத்துங்கள் என்று உங்களுக்குச் சொல்லும் நான் நாலு போட்டேன்) பதில் போடாத அதே பெண். அதற்குள் நான் வேறு இடத்தில் சேர்ந்திருந்தேன். "ஊருக்குப் போய் லெட்டர் போடறேம்மா" என்று சொல்ல நாக்கு துடித்தது. "இல்லைங்க, வேற இடத்துல ஜாயின் பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

"சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார். "நிறைய பேர் போனையே எடுக்க மாட்டேங்கறாங்க."